சீவிய உரித்து எழுதாத வீடு

இணுவில், 2025 ஒக்ரோபர் 14, செவ்வாய், பின்னேரம் 4.20. மண்டபத்தில் முப்பத்தொரு பேர், என்னையும் வகுப்பெடுத்தவரையும் சேர்க்காமல், எல்லோரும் அறுபது தாண்டியவர்கள்.

அன்புள்ள சுபாஜினி அக்காவுக்கு,

கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அப்பாவால் எழுத முடியவில்லை, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். தாங்கள் இருவரும் சுகமாம், கனடாவில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கக் கந்தனை வேண்டுகிறார்களாம், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகட்டாம். எழுதிவிட்டேன். இனி வருவது அவர் சொல்லாதது.

இன்று பின்னேரம் முதியோருக்கு ஓய்வுகாலப் பணம் பற்றிய வகுப்பு என்று அந்த மண்டபத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற உதயகலா மிஸ் வைப்பு, வட்டி எல்லாம் விளக்கிவிட்டு, "மகளுக்கு வீட்டைச் சீதனமாய் எழுதேக்கை, சாகுமட்டும் நாங்கள் இதிலை இருப்பம் எண்டு சீவிய உரித்து வைக்காத ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றார். பத்தொன்பது கைகள் எழுந்தன. அப்பா தூக்கவில்லை. பக்கத்தில் இருந்த குகதாசன் மாமா விடுவாரா, "தூக்கும் பொன்னம்பலம், நானும் நீரும் வாடகை குடுக்காத வாடகைக்காரர்தானே" என்றார். மண்டபமே சிரித்தது, அப்பாவும் சிரித்தார். மோட்டார் சைக்கிளில் திரும்பும்போதுதான், "மாப்பிளை பகுதி குறைவாய் நினைக்கும் எண்டு வைக்கேல்லையடா. உதை அவளுக்கு எழுதிப்போடாதை" என்றார்.

எழுதுகிறேன். அத்தான் அனுப்பிய தரகர் போன கிழமை வந்து கிணற்றடிவரை அளந்துகொண்டு போனார். உங்களுக்குச் சீதனமாய் எழுதிய இந்த வீட்டை விற்றால் இவர்கள் எங்கே போவது? வைப்பு வட்டி பாதியாகிவிட்டது, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் காணும், வாடகைக்குக் காணாது. நான் கொழும்பில் ஒற்றை அறையில் இருக்கிறேன், இங்கே லீவில்தான் நிற்கிறேன். எந்தத் திட்டத்திலும் முதலில் உடையக்கூடிய இடத்தைப் பார்ப்பதுதான் என் தொழில். அப்பாவின் திட்டத்தில் அந்த இடம் நீங்கள்.

இப்போதும் நீங்கள் சீவிய உரித்து எழுதிக் கொடுக்கலாம் என்கிறார் உறுதிப்பத்திரம் எழுதும் நொத்தாரிசு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி அத்தானும் கையெழுத்திட வேண்டும். அவரிடம் கேட்பது உங்களுக்குக் கஷ்டம், தெரியும். கேளுங்கள். எனக்கும் களைத்துவிட்டது அக்கா.

பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் அப்பா அம்மாவின் ஆசீர்வாதம். திருநீறு உள்ளே மடித்திருக்கிறது, கவனமாகப் பிரியுங்கள்.

தம்பி பிரவீணன்

இனி நான் செய்யப்போவது:
1. நாளைக்கு வீட்டு உறுதிப்பத்திரத்தின் பிரதி எடுத்து அனுப்புவேன்.
2. இக்கடிதத்தை அப்பாவுக்கு முழுதாக வாசிப்பேன். கிழிக்கச் சொன்னால் கிழிக்க மாட்டேன்.
3. அம்மா சட்டி பானையைப் பெட்டிகளில் கட்டத் தொடங்கிவிட்டா. அவிழுங்கோ என்று நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.