மஞ்சள் பூச்சி உட்காரும் இடம்

ஆகஸ்ட் 6, 2024
ஏலத்தோட்டத்தில் இன்று நாற்பது பூச்சிப்பொறிக்குக் குப்பி மாற்றினேன். குப்பிக்குள் பெண்பூச்சியின் வாசனை மட்டும்தான்; பூச்சி கிடையாது. அதை நம்பி வருகிற ஆண்பூச்சியெல்லாம் பசையில் ஒட்டிச் சாகும். சூப்பர்வைசர் ஷைஜு கையுறை நீட்டினான். யாருக்கு வேண்டும்? அதைப் போட்டால் மூடி கழற்ற வராது. வெறுங்கையால் முடித்து, கழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14
கோட்டயம் ஆஸ்பத்திரியில் கழுத்து டெஸ்ட்டின் ரிசல்ட் சொன்னார்கள். தைராய்டில் இருக்கிற உருண்டை கேன்சர்தான்.
டாக்டர் பிரதீபா பொறுமையாக விளக்கினார். அந்தச் செல்கள் ஏதோ ரசாயனம் விடுமாம். பக்கத்து நல்ல செல்கள் அதில் மயங்கி வழிவிடுமாம். கழுத்து நிணநீர் முடிச்சுகளும் தம் பங்குக்கு ஒரு ரசாயனம் விட்டுக் கூப்பிடுமாம். கேன்சர் அந்தப் பக்கம் நகருமாம்.
"எங்க தோட்டத்துப் பொறி மாதிரியா டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஏறக்குறைய" என்றார். செப்டம்பரிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்.

ஆகஸ்ட் 15
ஜனவரியில் மகள் ஆன்மேரிக்கு நிச்சயதார்த்தம். கழுத்தில் தையலோடு சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்க மாட்டேன். அது முடியட்டும், பார்க்கலாம்.
"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார் யாக்கோபு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்போதுதான் தெரிகிறதா!

ஆகஸ்ட் 29
நேற்று மறுபடி குப்பி மாற்றிய அலுப்பு. சாயங்காலம் கழுத்துத் துண்டோடு வாசலில் உட்கார்ந்து பயறு உரித்தேன். ஏலத்தண்டு துளைக்கிற மஞ்சள் பூச்சி ஒன்று வந்து கழுத்தில் உட்கார்ந்தது. விரட்டினேன். மறுபடி அதே இடம். இடப்பக்கம். உருண்டை இருக்கிற பக்கம்.

ஆகஸ்ட் 30
ஆறு பூச்சி.

ஆகஸ்ட் 31
பதினொன்று. யாக்கோபு பக்கத்திலேயே இருந்தார், அவர் மேல் ஒன்றுகூட இல்லை. "என்னட்டி, ஒன்னய மட்டும் தேடி வருது?" என்றார்.
உள்ளே இருக்கிறதா கூப்பிடுது? யாரை? இன்னும் எதையெல்லாம் கூப்பிடும்? மாதாவே, எனக்குப் பயமா இருக்கு. ஜனவரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். டாக்டருக்குப் போன் போடச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 9
நாளை ஆபரேஷன்.

செப்டம்பர் 18
குரல் வெறும் காற்றாக வருகிறது. கேன்சர் மூன்று நிணநீர் முடிச்சுக்குப் போயிருந்ததாம், எடுத்துவிட்டார்கள். "ஜனவரி வரைக்கும் விட்டிருந்தா எங்கெல்லாம் போயிருக்குமோ" என்றார் பிரதீபா.

செப்டம்பர் 27
ஷைஜு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். பூச்சிக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "சேச்சி, குப்பி தொட்ட கைய அந்தத் துண்டோட இடப்பக்க முனையிலதான தொடைப்பீங்க? துண்டுதான் கூப்பிட்டிருக்கு."
ஆன்மேரி அந்தத் துண்டைக் கொடியில் போட்டுப் பார்த்தாள். இருட்டுவதற்குள் ஏழு பூச்சி.
ஐயே! பொறி மாட்டுகிற நானே பொறியில் விழுந்திருக்கிறேன். அந்தப் பொய்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தது என்று நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. துண்டை அடுப்பில் போட்டேன்.

ஜனவரி 12, 2025
நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. தழும்பு தெரியத்தான் நின்றேன்.

பிப்ரவரி 3
வேலைக்கு இன்னும் போகவில்லை. குப்பி தொட்டு ஐந்து மாதமாகிறது. கழுத்தில் துண்டும் இல்லை.
சாயங்காலம் வாசலில் இருந்தேன். மஞ்சள் பூச்சி ஒன்று வந்து கழுத்தில் உட்கார்ந்தது. இந்தத் தடவை வலப்பக்கம். நான் விரட்டவில்லை.
யாக்கோபு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துவைத்தார். அடுத்த செக்கப் ஏப்ரலில்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறோம்.