உள்ளான்களுக்கு நடுவே உன் கை

மச்சான்,

கந்தோர் அலுமாரியில் பழைய கோவைகளுக்கு அடியில், ‘வயல் உள்ளான்’ என்று நீ எழுதிய குருவிப் படச் சீடி இன்று காலை கிடைத்தது. கடல் பொங்கி ஊருக்குள் வந்த பிறகு அதை நான் தொடவே இல்லை. நேற்று உன் உம்மா பாண்டிருப்புக்கு என்னைத் தேடி வந்ததால்தான் தேடினேன்.

அன்று உம்மா நற்பிட்டிமுனையில் உன் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் நின்றதால் தப்பினார். நீ போனாய், வீடு போனது, அல்பங்கள் போயின. அடையாள அட்டைக்குப் படம் எடுத்த ஸ்டூடியோவும் இல்லை. “ரெண்டு பேரும் கெமராவத் தூக்கிட்டுத்தானே திரிஞ்சீங்க மகன். எண்ட புள்ளட முகம் ஒண்டு கெடக்காதா?” என்று கேட்டார்.

நீ இரும்புக்கடைக்காரன், நான் கந்தோரில் கிளாக்கர். லீவு நாளில் நமக்கு ஒரே பைத்தியம்: குருவியைப் பிடிக்காமல், இறகைத் தொடாமல் அதன் அளவை எடுப்பது. வரம்பில் உள்ளான் பக்கவாட்டில் நிற்கும்போது நான் படம் எடுப்பேன். அது பறந்ததும் நீ சேற்றில் ஓடி, அதன் கால் தடத்திலேயே அளவுகோலை நிறுத்துவாய். கெமராவை அசைக்காமல் இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டால் சொண்டின் நீளம், காலின் உயரம் எல்லாம் வந்துவிடும். கோழியை அளந்தாலாவது கறிக்கு ஆகும் என்பார் உன் மாமா.

“கையை எடு, கோடு மறையுது” என்று நான் கத்துவேன். ஒரு நாள் கோபம் வந்து, கோலோடு நிமிர்ந்து நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். அப்படியே எடுத்துவிட்டேன். நல்ல படம், மச்சான். நெற்றியில் சேறு, கண்ணில் வெயில்.

திரும்பும் வழியில் ஆமி செக்பொயிண்ட். கெமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்ப்பார்கள். அதற்காக நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய்: “ஆக்கள்ற படம் இருந்தா ஆயிரம் கேள்வி வரும். குருவி மட்டும் இருந்தாச் சிரிச்சிட்டு விட்டுருவானுகள். அழிச்சிரு மச்சான்.” அழித்தேன். அவர்களும் குருவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டார்கள்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. கெமராவோடு போனால் ஏன் என்று கேட்க ஆளில்லை. பாழாய்ப்போன காலம், உனக்கு மட்டும் பிந்தி வந்தது.

இன்று மத்தியானம் உம்மாவைக் கந்தோருக்குக் கூட்டி வந்து எல்லாப் படத்தையும் காட்டினேன். உள்ளான், கோல். உள்ளான், கோல். எதிலும் நீ இல்லை. ஒரு படத்தில் மட்டும் நான் கத்தியும் நீ எடுக்காமல் விட்ட கை, மணிக்கட்டு வரைக்கும் முழுசாக இருந்தது. உம்மா கதிரையை இழுத்துக் கிட்டே வந்தார்.

“இது அவண்ட கைதான். இத அவண்ட கை அளவுலயே எடுத்துத் தாங்க மகன்.”

பக்கத்தில் கோல் இருந்ததால் அது முடிந்தது. கோடுகளை எண்ணிக் கணக்குப் பார்த்து, ஒரு நூலும் பிசகாமல் அச்சடித்துக் கொடுத்தேன். மேசையில் அந்தத் தாளை விரித்து, அதன்மேல் தன் கையை வைத்தார். உன் கை பெரிது. உம்மாவின் விரல்களைத் தாண்டி உன் விரல்கள் தெரிந்தன. வெகு நேரம் தன் கையை எடுக்கவில்லை.

பிறகு என் கையைப் பிடித்து, “அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்வான் மகன்” என்று துஆ செய்தார். அவர் மகனின் முகத்தை அழித்தது அவர் பிடித்திருந்த அந்தக் கைதான் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.