ஜெபக் குறிப்பில் ஏழாவது வரி

அன்புள்ள அறைத்தோழிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. விடுதியில் எல்லாரும் சுகம். நம் மாணவர் ஜெப ஐக்கியத்துக்கு இப்போது இருபது பேர் வருகிறார்கள். நீ விட்டுப்போன கிடார் மட்டும் அலமாரிக்குப் பின்னால் தூசி படிந்து நிற்கிறது.

மனநல மருத்துவரிடம் போய் மாத்திரை சாப்பிடுவதை நீ என்னிடம் மட்டும்தான் சொன்னாய். அந்த வார ஜெபக் குறிப்புத் தாளில் அதை ஏழாவது வரியாக எழுதி, எல்லாரும் ஜெபிக்கட்டும் என்று கொடுத்தேன். பெயர் போடவில்லையே என்று இரண்டு மாதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ‘கிடார் வாசிக்கும் சகோதரிக்காக’ என்று எழுதிய பிறகு பெயர் எதற்கு? ஐக்கியத்தில் கிடார் வாசித்தது நீ ஒருத்திதானே.

அறையைக் காலி செய்த அன்று, “எல்லாரும் எனக்காக ஜெபிக்கிறாங்களாம். மெஸ்ல என் பக்கத்துலதான் யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க” என்றாய். பதிலுக்கு நான் ஒரு பைபிள் வசனம் சொன்னேன். நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

நேற்று முதலாமாண்டுப் பெண் ஒருத்தி வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி என்னிடம் அழுதாள். முடிவில், “அக்கா, இதைத் தாள்ல போட்டுடாதீங்க” என்றாள். போடமாட்டேன் என்றேன். அவள் நம்பாமல் என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடவுளிடம் தினமும் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். உன்னிடம் கேட்கத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. என்னை மன்னிப்பாயா?

இந்தக் கடிதத்துக்காக ஜெபிக்கும்படி யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கட்டில்காரி