உப்புத் தண்ணீரில் ஒரு செப்பாட்

டிரெஸ்ஸர் அண்ணே,

போன வாரம் என் மகன் என்னை ஆயர் குரோவில் இருக்கும் ஒரு பல் மருத்துவரிடம் காரில் கூட்டிப் போனான். காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. நீலமும் மஞ்சளுமாக மீன்கள் அலைந்துகொண்டிருந்தன. மேல் மூலையில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், வால் பிய்ந்த ஒரு மீன் மட்டும் அசையாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது அப்படித்தான் ஆண்டி. வெளிய வந்தா மத்ததுங்க கடிக்கும்லா. சாப்பாடு போட்டாகூட வராது" என்றாள்.

"கொஞ்சம் உப்பு போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். அதன் பிறகு உள்ளே என் பெயரைக் கூப்பிட்டது என் காதில் விழவில்லை. மகன் வந்து தோளைத் தொட்டான். மனதில் நான் அப்போது, தோட்டத்தில் நீங்கள் மருந்து கொடுத்துக் காயம் கட்டிய அந்தப் பழைய டிஸ்பென்சரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து நான் அந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலத்துக்காக இரட்டை முள்கம்பி வேலி போட்டு முடித்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த அவர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, தொலைவில் இருந்த லயங்களின் ஆட்களையெல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே வேலிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் இரண்டு குடும்பம். ஒரு குழாய்க்கு நூறு குடம். காலையில் கேட்டைத் திறந்து மரத்தில் பால் வெட்ட விடுவார்கள், வேலை முடிந்ததும் எண்ணி உள்ளே அடைப்பார்கள். அரிசி, சீனி, உப்பு எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. முதல் மாதம் எனக்குப் பிரசவத்தைவிடத் தையல்தான் அதிகம். குழாயடியில் மண்டை உடைந்தவர்கள், அடுப்புக்காகச் சண்டை போட்டுக் கை கிழிந்தவர்கள். நீங்கள் கிழிசலைத் தைப்பீர்கள், நான் விளக்கைப் பிடிப்பேன். ஆஸ்பத்திரிப் பெண்களை எல்லோரும் கூப்பிடுவதுபோல நீங்களும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டீர்கள். யார் முதலில் அடித்தது என்று நீங்கள் ஒருவரையும் கேட்டதில்லை.

வராந்தாவில் பெஞ்சுக்கு எதிரே அந்தத் தொட்டி இருந்தது. பழைய ஜன்னல் கண்ணாடியைத் தார் வைத்து ஒட்டி நீங்களே செய்தது. ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று வைத்தது. முதலில் சாக்கடையில் பிடித்த குட்டி மீன்கள் மட்டும்தானாம். பிறகு உடம்பு தேறிப் போகிறவர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து போட்டார்கள். சதுப்பில் பிடித்த செப்பாட் மீன்கள், மீசை மாதிரி இரண்டு நூல் தொங்க அழகாக நீந்துபவை, ஐந்தாறு வந்தன. கடைசியாக முனியாண்டி என்ற பால்மரத் தொழிலாளி, தன் மகளின் காய்ச்சலை நீங்கள் குணமாக்கிய நன்றிக்கு, ஒரு புயு மீனைக் கொண்டுவந்தார். கறுத்த உடம்பு, முள் முள்ளான செவுள். தண்ணீர் இல்லாவிட்டாலும் சாகாத மீன். மறுக்க உங்களுக்கு மனம் வரவில்லை.

புயு வந்த மறுநாளே தொட்டியின் பாதி அதற்குச் சொந்தமாகிவிட்டது. நடுவில் இருந்த கல்லுக்குப் பக்கத்தில் எது போனாலும் பாய்ந்து கடிக்கும். செப்பாட்டின் மீசை அறுந்தது, வால் கிழிந்தது. அடிபட்டதை நீங்கள் ஊறுகாய் ஜாடியில் தனியாகப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புக் கரைத்துவிடுவீர்கள். புண் ஆறும். திரும்பத் தொட்டியில் விட்டதும் புயு அதைத் தேடிவந்து கடிக்கும்.

"அந்தப் புயுவ எடுத்து ஜாடியில போட்டா என்னண்ணே?" என்று கேட்டேன்.

போட்டுப் பார்த்தீர்கள். இரண்டு நாள் அமைதி. பிறகு பெரிய செப்பாட் ஒன்று அதே கல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் துரத்த ஆரம்பித்தது. நீங்கள் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இடம் பத்தல மிஸ்ஸி. புயு மேல குத்தமில்ல" என்றீர்கள். புயு திரும்பவும் தொட்டிக்குள் வந்தது.

உங்கள் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் தங்கா பத்துவில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்களுக்கு வெளியே போகப் பாஸ். ஒரு ஞாயிறு, எத்தனை தடவை ஆற்றினாலும் கடிபட்டுக்கொண்டே இருந்த ஒரு செப்பாட்டை, வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் விடலாம் என்று ஒரு பால் டின்னில் எடுத்துக்கொண்டீர்கள். புண் ஆறாததால் ஜாடித் தண்ணீரையே டின்னில் ஊற்றியிருந்தீர்கள். நானும் டவுன் பாசாரில் சாமான் வாங்கப் போக, கேட்டில் உங்கள் பின்னால் சோதனை வரிசையில் நின்றேன்.

காவலுக்கு நின்ற மலாய்க்காரர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். மீனைக் கண்டு சிரித்தார். என்ன தோன்றியதோ, விரலை விட்டு நாக்கில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"மாசின்" என்றார்.

கூட நின்ற தமிழ்க் காவலாளியும் நக்கிப் பார்த்தார். "டிரெஸ்ஸரே, தண்ணி உப்புக் கரிக்குதே. என்ன இது?"

உப்பைத் தண்ணீரில் கரைத்துத் துணியை நனைத்து வெளியே கடத்துகிறார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. நீங்கள் அமைதியாகத்தான் சொன்னீர்கள். "மீனுக்குப் புண்ணு தம்பி. அதுக்கு மருந்து." அவர்களுக்கு அது கிண்டலாகப் பட்டிருக்க வேண்டும். டின்னைச் செம்மண்ணில் கவிழ்த்தார்கள். மீன் துள்ளியது. நீங்கள் அதை எடுக்கக் குனிந்ததும் முதுகில் துப்பாக்கி முனை பட்டது. அப்படியே, பாதி குனிந்தபடி, அசையாமல் நின்றீர்கள். லாரி வந்து உங்களை ஏற்றிப் போகும்வரை உங்கள் கண் அந்த மீன்மேல்தான் இருந்தது. நான் அதைக் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். டிஸ்பென்சரிப் படி ஏறும்போது அது செத்துவிட்டது.

அந்த நாட்களில் விசாரணை என்று போனவர்கள் சிலர் நேரே கப்பலேற்றப்பட்டார்கள். பார்த்தேயிராத இந்தியாவுக்கு. உங்கள் மனைவி கேட்டுக்கு வந்து, "மிஸ்ஸி, அவங்கள அனுப்பிருவாங்களா?" என்று கேட்டார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போனேன். "போலீஸ் விசாரிக்கட்டும்" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார். தோட்ட ஆபீஸ் கிராணி என்னைத் தனியே கூப்பிட்டு, "நீயும் பேர் கெடுத்துக்காத" என்றார். நான் தனியாக மருந்து கட்டினேன், இரண்டு பிரசவம் பார்த்தேன், தொட்டிக்குக் கொசுப்புழு போட்டேன். புயு தின்று கொழுத்தது.

ஒருநாள் மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர் டிஸ்பென்சரியைச் சோதிக்க வந்தார். அலமாரி மருந்தெல்லாம் சரியாக இருந்தது. போகிறவரை மறித்து, எனக்குத் தெரிந்த மலாயில், ஒரு நிமிடம் மீனைப் பாருங்கள் என்றேன். வால் கிழிந்த ஒன்றைப் பிடித்து ஜாடியில் விட்டேன். என் பங்கு உப்பிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். மீன் நிம்மதியாக நின்றது. குடித்துப் பாருங்கள் துவான் என்று ஜாடியை நீட்டினேன். நீட்டிய வேகத்தில் தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது.

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு தொட்டியருகே குந்தி உட்கார்ந்தார். சிறுவயதில் உம்பாய் கிராமத்தில் சண்டை மீன் வளர்த்தவராம். தோற்ற மீனுக்கு அவர் அம்மாவும் உப்புத்தான் போடுவாராம். "இந்த உப்பை வைத்து ஒரு முட்டைகூட அவிக்க முடியாது" என்று மலாயில் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "அவரைத் திரும்ப உள்ளே அனுப்ப என்னால் முடியும். வெளியே விட முடியாது" என்றார். அன்று அதன் பொருள் எனக்கு முழுதாகப் புரியவில்லை.

நீங்கள் இளைத்துத் திரும்பி வந்தீர்கள். தாடி வளர்ந்திருந்தது. லாரியிலிருந்து இறங்கியதும் கேட்டது, "செப்பாட் என்னாச்சு மிஸ்ஸி?"

"செத்துப் போச்சுண்ணே. படி ஏறும்போதே."

தலையை ஆட்டிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து உங்களுக்குப் பாஸ் இல்லை. எப்போது திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல ஆளும் இல்லை. வேலை செய்யலாம், சம்பளம் உண்டு, வேலிக்குள் எங்கும் நடக்கலாம். தண்டனை என்று அதற்குப் பெயரும் வைக்கவில்லை. பெயர் இருந்திருந்தால் எப்போது முடியும் என்று கேட்டிருக்கலாம்.

ஞாயிறுதோறும் உங்கள் மனைவி பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்து வெளிவேலிக்கு அப்பால் நிற்பார். நீங்கள் உள்வேலிக்கு இப்பால். நடுவே ஒரு லாரி போகும் அகலம். தாழ்ந்த குரலில் எதுவும் பேச முடியாது. கூரை ஒழுகுவது, பெரியவள் வயதுக்கு வந்தது எல்லாம் கத்தித்தான் சொல்ல வேண்டும். "நம்ம வீட்டு விஷயம் தோட்டத்துக்கே தெரிஞ்சு போச்சு" என்று நீங்கள் சிரித்தது சிரிப்பாக இல்லை. ஒரு ஞாயிறு சின்னவள் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள். "அப்பா, நீங்க ஏன் வெளிய வர மாட்டேங்கறீங்க?"

நீங்கள் வேலியை இன்னும் நெருங்கிப் போனீர்கள். பிறகு, "மீனப் பாத்துக்க இங்க ஆளில்லம்மா" என்று கத்திச் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அன்று மாலையே எல்லா மீன்களையும் எனாமல் பேசின்களில் மாற்றினீர்கள். அந்த நடுக் கல்லை எடுத்து வெளியே போட்டீர்கள். உடைந்த சட்டித் துண்டுகளைச் சாய்த்து மூலைக்கு மூலை பொந்துகள் செய்தீர்கள். ஒன்றின் கண்ணுக்கு இன்னொன்று படாதபடி பாசியை அடர்த்தியாக நட்டீர்கள். சின்னவற்றை முதலில் விட்டு, அவை இடம் பிடித்துப் பழகிய பிறகு, புயுவைக் கடைசியாக இறக்கினீர்கள். தன் இடம் எங்கே என்று தெரியாமல் அது சுற்றிச் சுற்றி வந்தது. கடிக்க அதற்கு நேரமில்லை. சில வாரங்களில் அது ஒரு சட்டியைத் தனதாக்கிக்கொண்டு துரத்த ஆரம்பித்ததும், திரும்ப எல்லாவற்றையும் கலைத்தீர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தன தடவண்ணே? இதுக்கு முடிவே இல்லியா?"

"முடிவு நம்ம கையில இல்ல மிஸ்ஸி. எதுவும் சாகாம இருந்தாப் போதும்."

அப்படித்தான் அந்தக் காலம் போனது. தொட்டியில் அதற்குப் பிறகு ஒரு மீனும் கடிபட்டுச் சாகவில்லை. உங்கள் காதோரம் நரைத்தது. வேலிக்கு அப்பால் உங்கள் பெரிய மகள் சேலை கட்டி வந்தாள். சின்னவள் வருவதைக் குறைத்துக்கொண்டாள். தூரத்தில் நின்று கத்துவதற்கு ஒரு பிள்ளைக்கு எத்தனை நாள் மனம் வரும்? நான் நினைத்தபோது டவுனுக்குப் போய்வந்தேன். திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும், வெளியே என்ன பார்த்தேன் என்று நீங்கள் கேட்பீர்களோ என்று பயந்தேன். நீங்கள் கேட்டதே இல்லை.

பிறகு ஒருநாள் எங்கள் வட்டாரத்தைக் கம்யூனிஸ்டுகள் இல்லாத வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார்கள். முனியாண்டி வந்து தன் புயுவைச் சதுப்பில் விட எடுத்துப் போனார். மற்றவற்றைப் பிள்ளைகள் ஓடைக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் சட்டையை மாற்றிக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல், வீட்டுக்குக் கிளம்பினீர்கள். பஸ் வரும் இடம்வரை நானும் வந்தேன்.

கேட் திறந்து கிடந்தது. காவல் குடிசை காலி. துப்பாக்கி இல்லை, மேசை இல்லை. நீங்கள் வேகமாக நடந்து வந்தவர், வழக்கமாகச் சோதனை போடும் இடத்தில் நின்றீர்கள். மெல்ல இரண்டு கைகளையும் உயர்த்தினீர்கள். தடவிப் பார்க்க வரும் கைக்காகக் காத்துக்கொண்டு, கண்ணை நேரே வைத்து, அப்படியே நின்றீர்கள். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்துக்கொண்டு உங்களைக் கடந்து வெளியே போனார்.

பிறகு கைகளைத் தாழ்த்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"யாரும் இல்லையே மிஸ்ஸி" என்றீர்கள்.

அதற்குப் பின் நெடுங்காலம் நீங்கள் தங்கா பத்துவில் இருந்தீர்கள். பேரப் பிள்ளைகளைப் பார்த்தீர்கள். உங்கள் சாவுக்கு வந்திருந்தபோது நல்ல வார்த்தைகள் நிறையக் கேட்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் குரல் என்று எனக்குள் இருப்பது, அன்று கேட்டில் சொன்ன "யாரும் இல்லையே மிஸ்ஸி" என்ற அந்த ஒன்றுதான். அதில் சந்தோஷம் இருந்ததா, துக்கம் இருந்ததா என்று இத்தனை வயதிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் யாரும் இல்லாத பகல் வேளைகளில், வாசல் திறந்தே கிடக்க, நான் உள்ளேயே நின்றுகொண்டிருப்பேன். அப்போது அது கேட்கும். கேட்ட பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரையாவது நடந்துவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
மிஸ்ஸி