மூன்று ஒன்பதுகள்

ஜூன் 3, செவ்வாய்

அம்மா சித்தி ஊருக்குப் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. சித்திக்கு அறுவைச் சிகிச்சை, அம்மா ஞாயிறுதான் திரும்பி வருவாள். மாலையில் போனில் ஒரே கேள்வி: "மெஷினுக்கு எண்ணெய் விட்டியாடி?" விட்டேன். இப்போதெல்லாம் அந்தத் தையல் மெஷினோடுதான் பேசுகிறேன்.

ஜூன் 4

முன்னறையில் போக்கர். அப்பா, லாரிக்காரர், இன்னும் இரண்டு பேர். தண்ணீர் வைத்துவிட்டு அப்பாவின் பின்னால் நின்றேன். கையில் இரண்டு ஒன்பது. நடுவில் மூன்று சீட்டைத் திறந்தார்கள் — அதிலும் ஒரு ஒன்பது! மற்ற இரண்டும் ஆட்டின். அப்பாவின் கால் பெருவிரல் மடங்கியது. நல்ல சீட்டு விழுந்தால் அப்படித்தான். எனக்கு மட்டும் தெரியும்.

ஆனால் பந்தயத்தை ஏற்றவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "செக்" என்றார். எல்லோரும் சும்மாவே அடுத்த சீட்டைப் பார்த்தார்கள். அதுவும் ஆட்டின். கடைசிச் சீட்டு வந்த பிறகுதான் ஏற்றினார், ஏற்றிக்கொண்டே போனார். கையிருப்பு தீர்ந்ததும், "உள்ள தையல் மெஷின் இருக்கு."

லாரிக்காரர் விரித்தார். நடுவில் இருந்த மூன்றோடு சேர்த்து ஐந்து ஆட்டின்; மூன்று ஒன்பதுகளை அது அடித்துவிடும்.

"மூணு சீட்டு தொறந்தப்பவே ஏத்தியிருந்தா கவுத்துட்டு எந்திரிச்சிருப்பேன் அண்ணே. சும்மா காட்டுனீங்க, வாங்கிக்கிட்டேன். சனிக்கிழமை வண்டியோட வரேன்."

அவர்கள் போனதும் அப்பா: "அம்மாகிட்ட மூச்சு விட்டே, தொலைச்சிடுவேன்."

எழுத்தெல்லாம் கோணல்.

ஜூன் 5

"எண்ணெய் விட்டியாடி?"

"ம்." அப்பா பக்கத்திலேயே நின்றார். ஞாயிறு வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம். நேரில்தானே நல்லது?

ஜூன் 6

ஞாயிறா! சனிக்கிழமையே மெஷின் போயிடுமே, லூசு. அப்புறம் சொல்லி என்ன? அப்பா மாதிரியே நானும் செக் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளி ஆபீஸ் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "சாப்ட்டியா?"

ஜூன் 7

அம்மா விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். லாரி வந்தபோது மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அண்ணி... அது வந்து..." வாசலிலேயே நெளிந்தார் லாரிக்காரர்.

"தோத்தவரு அதோ உக்காந்திருக்காரு. அவர வண்டில ஏத்திட்டுப் போங்க."

லாரிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெறும் வண்டி திரும்பிப் போனது.

யார் சொன்னது என்று அப்பா கேட்கவில்லை. என்னிடம் எதையுமே கேட்கவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பக்கத்து அறையில் மெஷின் ஓடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட வேண்டும்.