உன் வீடு, என் கோபம்

விதுசா,

இறால் கறி அடுப்படியில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். ஒன்பது மணிக்குக் கதவைத் திருத்த ஓடாவி வருவார். நான்தான் உதைத்து உடைத்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். காற்றில் அடித்து உடைந்தது என்று நீ பொய் சொல்ல வேண்டாம்.

இரவு வேலையை விட்டு நின்றதிலிருந்து, "உன்ட சீதன வீட்டில கிடக்கிறதாலதான் எனக்கு விசர் வருது" என்று கத்திக்கொண்டிருந்தேன். நேற்று நீ கேட்டாய்: "அப்ப கிரான்ல உங்கட அம்மாட வீட்டில ஏன் கத்தினீங்க?" அதைக் கேட்டதும்தான் கதவை உதைத்தேன்.

வீட்டில் ஒரு பிழையும் இல்லை. கோபம் என்னுடையது. கிரானுக்கும் அதைத்தான் கொண்டு போயிருந்தேன். அது அடங்கும்வரை நான் உங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வவுணதீவில் என் கூட்டாளி றோகானோடு தங்குகிறேன். செவ்வாய்க்கிழமை மனநல டொக்டரைப் பார்க்கப் பதிந்திருக்கிறேன்.

என்னிடம் இருந்த வீட்டுத் திறப்பைப் பூட்டிவிட்டு மீற்றர் பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

சுபாகரன்

மகளிடம் நான் வேலைக்குப் போனதாகச் சொல்லாதே; திரும்பவும் சத்தத்தை அடக்கிக்கொள்வாள். இரவு வேலை முடிந்து பகலில் நான் தூங்குவதற்காகவே சத்தமில்லாமல் விளையாடப் பழகிய பிள்ளை. நேற்று நீ அழுதுகொண்டு கிணற்றடிக்குப் போனபின் என்னிடம் வந்து, "நான் சத்தம் போடல்லயே அப்பா" என்றாள். என் கோபம் அவளால் வந்தது இல்லை என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு மட்டும் எனக்காக நீ சொல்.