கல் வைத்து அடைத்த வளை

இஞ்சேருங்கோ,

சோறு ரைஸ் குக்கரில் இருக்கிறது. மீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ. நான் பிக்கரிங்கில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். எப்போது வருவேன் என்று தெரியவில்லை.

எங்கள் கிரவுண்ட்ஹொக், பெருத்த அணில் மாதிரி இருக்கும் குண்டன், செத்துப்போய்விட்டது. பக்கத்து வீட்டு நாய் துரத்த, ஷெட்டுக்கு அடியிலிருக்கும் தன் வளைக்குத்தான் ஓடியது. வளை வாசலை நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கல் வைத்து அடைத்திருந்தீர்கள். பிறகு நான் அப்பிள் கொடுக்கும் பின்கதவுப் படிக்கு ஓடி வந்தது. கதவைத் திறப்பதற்குள் நாய் கவ்விவிட்டது. என் மடியில்தான் உயிர் போனது.

"தோட்டத்தை அழிக்கிற சனியனுக்கு என்ன செல்லம்?" என்று அன்றைக்குக் கத்தினீர்கள். பயற்றங்கொடி முழுவதையும் அது தின்றது உண்மைதான். கொடி அடுத்த கோடையிலும் முளைக்கும்.

பாகல் பந்தலுக்குக் கீழே புதைத்திருக்கிறேன். அந்த இடத்தைக் கொத்தவேண்டாம்.

தவமலர்

பிரஷர் குளிசை மேசையில் இருக்கிறது. மறக்காமல் போடுங்கோ.

இன்னொன்று: வேலைக்குப் போகும்போது நீங்களும் எனக்குத் தெரியாமல் அதற்குக் கரட் போடுவதை ஜன்னலால் கண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களைத் திட்டவும் முடியாமல் அழுதுகொண்டு போகிறேன்.